நாத்தனார் கழற்றிய வால்வு

போன ஆவணி மாதத்தில் எங்கள் கார், சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல் வந்தமாதிரி நடுங்க ஆரம்பித்தது. கணபதியிலிருந்து நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதை ஓட்டிக்கொண்டு போகிறவள் நான். பச்சை விழுவதற்குள் என்ஜின் அணைந்துவிடும். பின்னால் நிற்கிறவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். அப்போது என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுதினால், என்னிடம் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே துரத்திவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு பம்புசெட் கம்பெனியில் வேலை. அவர் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். கோயம்புத்தூரில் அப்படி ஒருவருக்குப் பிறந்துவிட்டால் எந்த மெஷினையும் வெளியே கொடுத்துச் சரிபார்க்க மனசு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்துவைத்து, என்ஜினை நெடுநேரம் ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டார், குனிந்து மோந்து பார்த்தார். "வால்வு போயிருக்குது புள்ள," என்றார். என்ஜினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையை வெளியே விடாமல் மறுபடியும் என்ஜினுக்கே இழுத்துக்கொடுக்கும் சின்ன வால்வு அது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். காந்திபுரத்துக்குப் போய்ப் புதுசு வாங்கியும் வந்துவிட்டார்.

சனியன் அது இருந்த இடம்தான் பிரச்சினை. வண்டியைச் செய்த மகராசன் அதை என்ஜினுக்குப் பின்பக்கம், பெரிய காற்றுக்குழாய்க்கு அடியில், கண்ணுக்கே தெரியாத ஒரு பொந்தில் கொண்டுபோய்ச் செருகி வைத்திருந்தான். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் மேலே இருப்பதை எல்லாம் பிரித்தால்தான் முடியும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். செல்போனில் பார்த்த வீடியோவில் ஒருத்தன் எதையும் பிரிக்காமல், தடவித் தடவியே கழற்றிவிட்டான். அதைப் பார்த்ததும் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கையை உள்ளே விட்டார். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. விரல் ஒவ்வொன்றும் நேந்திரம்பழம் கணக்காக இருக்கிற மனுஷனுக்கு எப்படிப் போகும்?

பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த நான் என் வளையல்களைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். தயாராக நிற்கிறேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லுங்கியில் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"அம்மணி, சாப்ட்டயா கண்ணு? சித்த ஊட்டுக்கு வந்துட்டுப் போறயா? கார்ல ஒரு வால்வு கழட்டோணும். என்ற கை போகமாட்டேங்குது. உன்ற கையின்னா போயிரும்."

மதுக்கரையில் இருக்கும் தங்கச்சிக்குத்தான் அந்தப் போன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைக் கூப்பிட அவருக்குத் தெரிந்தது "இந்தா", "ஏ புள்ள" இரண்டும்தான். அம்மணியும் கண்ணும் அங்கே போய்விடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கை சின்னது என்று சொன்னாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் கை அளவும் அவள் கை அளவும் ஒன்று. இது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி ஒரே கடையில், ஒரே அளவில், இரண்டு ஜோடி கண்ணாடி வளையல் வாங்கி வருகிறவர் அவர்தானே! பிறகு ஏன் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுவிட்டு மதுக்கரைக்குப் போன் போகிறது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கைக்கு உதவி வேண்டும் என்றதும் அவருக்கு என் ஞாபகம் வரவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

இது இன்றைக்கு நேற்று வந்த எரிச்சல் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று செய்வார்கள். மாப்பிள்ளையையும் அவர் கூடப்பிறந்தவளையும் சேர்த்துவைத்துச் செய்யும் சீர். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளையின் கக்கத்தில் இருக்கும், மறுதலைப்பு தங்கச்சியின் கையில் இருக்கும். மண்டபத்தின் உள்அறையில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொல்ல, அவர் சபை நடுவில் பல் தெரியச் சிரித்தார். என் கூறைச்சேலை என் மேல் படுவதற்கு முன்னால் அவள் கைக்குப் போய்விட்டது. சீர்தானே, எல்லோர் வீட்டிலும் நடப்பதுதானே என்று புத்திக்குத் தெரிகிறது. வயிறு கேட்க வேண்டாமா?

அவள் வருகிறவரை இவர் என்ஜினை ஓடவிட்டு ஓடவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. அவிநாசியில் அவள் வீட்டுக்காரர் சொந்தத்தில் காதுகுத்தாம். கிளம்பி நின்றவள் மற்றவர்களைக் காரில் அனுப்பிவிட்டு இங்கே வந்துவிட்டாள்.

"அண்ணன் ஒரு வேலைக்குன்னு என்னையக் கூப்புட்டு எத்தன வருசமாச்சுங்க அண்ணி! காதாவது குத்தாவதுன்னு வந்துட்டனுங்க. உங்க பழைய நைட்டி ஒண்ணு குடுங்க," என்றாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கொடுத்தேன். நான் போட்டால் தலையணை உறை போல இருக்கும் நைட்டி, அவள் போட்டதும் நேற்றுத் தைத்தமாதிரி இருந்தது. அதற்கும் சேர்த்து எரிந்தது.

முன்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, என்ஜின் மேல் சாய்ந்து, இடது கையை உள்ளே விட்டாள். வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொண்டதைக் கேட்க வேண்டுமே! பாதிப் பேச்சை வாயிலேயே முழுங்கிவிடுவார்கள்.

"கிடைச்சுதா?"

"கிளிப்பு."

"கிள்ளிப் பின்னால."

"வழுக்குதுண்ணா."

"அன்னிக்கு அந்தப் பெரிய லேத்துல..."

"ஐயோ, அப்பா கைல நா வாங்குன அடி!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. பட்டறையில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அந்தக் கதை எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. எனக்குக் கொடுத்த வேலை டார்ச் பிடிப்பது. "லைட்ட இந்தப்பக்கம் புடி புள்ள," என்று நடுநடுவே என் பக்கம் ஒரு பேச்சு வரும். சுவரில் அடித்த ஆணியாக இருந்திருந்தால் அந்த டார்ச்சை இன்னும் ஒழுங்காகப் பிடித்திருப்பேன்.

எண்ணெய் வழிய வழியப் பழைய வால்வு வெளியே வந்தது. நல்ல வால்வு என்றால் ஆட்டும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்குமாம். இவர் ஆட்டிப் பார்த்தார். பிறகு தங்கச்சி காதோரம் கொண்டுபோய் ஆட்டினார். "செத்துப்போச்சுண்ணா," என்றாள் அவள். என் காதுக்கு அது வரவில்லை. எனக்கும் இரண்டு காது இருக்கிறது என்று கத்தலாம் போல இருந்தது. உள்ளே போய் டீ போட்டேன். சர்க்கரையை வேண்டுமென்றே குறைத்துப் போட்டேன். இரண்டு பேரும் சொட்டு விடாமல் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

புது வால்வை உள்ளே வைக்கும்போதுதான் அவள் "ஸ்ஸ்" என்றாள். காலையிலிருந்து ஓடிய என்ஜின், பின்பக்கம் இன்னும் ஆறவில்லை. கையை எடுத்துவிடு என்று நான் சொல்லச் சொல்ல அவள் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். "உக்காந்துருச்சுண்ணா!" என்று சொன்ன பிறகுதான் கை வெளியே வந்தது. மணிக்கட்டின் உள்பக்கம் சுண்டுவிரல் நீளத்துக்குச் சிவந்து கிடந்தது.

"ஒண்ணுமில்லீங்க அண்ணி, தண்ணில காட்டுனாச் சரியாயிரும்," என்று வீட்டுப் பக்கவாட்டில் இருக்கும் குழாயடிக்குப் போனாள். இவர் அதற்குள் காரில் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டார். நடுக்கம் போய்விட்டது. அவர் முகத்தில் அத்தனை பெருமை.

எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கார் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"ஏனுங்க, பக்கத்துலயே நிக்கறனே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவ கையும் என்ற கையும் ஒரே அளவுதானுங்களே? அவதான் வரோணுமா?"

ஏதோ புத்தி கெட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று உரக்கவே சொன்னார்.

"உள்ள அத்தன சூடு புள்ள. உன்ற கை பொசுங்கிப்போச்சுன்னா நா என்ன பண்றது? உன்னையப் போயி அதுக்குள்ள கைய உடச் சொல்லுவனா?"

உச்சி குளிர்ந்துபோனேன். பொய் சொல்லவில்லை, அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் காத்துக்கிடந்த பேச்சு, அதுவும் அம்மணியும் கண்ணும் இல்லாமல், காரில் உட்கார்ந்துகொண்டு, ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு நான்தான்!

அப்போதுதான் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது உறைத்தது. திரும்பினேன். ஈரக் கையோடு மூலையில் நின்றிருந்தாள். வலது கை, இடது மணிக்கட்டைப் பொத்திப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ, கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. காரிலிருந்து இறங்கிப் பானட்டை மூடி, அதன் மேல் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். கோழி வாங்கி வைத்திருக்கிறது, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று கையைப் பிடிக்கப் போனேன், புண் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். "இல்லீங்க அண்ணி, நேரமாச்சு," என்றாள். "வாரேண்ணா," என்று அவர் பக்கம் சொன்னபோது பார்வை அவர் மேல் இல்லை. "சரி அம்மணி, பாத்துப் போ கண்ணு," என்றார் அவர், எண்ணெய்த் துணியை உதறிக்கொண்டே.

கேட்டுவரைக்கும் நான் கூடப் போனேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"குடுத்து வெச்சவங்க அண்ணி நீங்க," என்றாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அவளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு அது.