மருதமுனையில் இரண்டு மணி நாற்பத்தெட்டு

1957 மே கடைசியில் நான் மருதமுனைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த இஸ்மாயில் அங்கே கணித ஆசிரியர். "இங்க என்னோட ஒருத்தரும் கதைக்கிறல்ல. இருபத்தெட்டாந் தேதி நல்ல மணிக்கூடு ஒண்டோட வா மச்சான்" என்று எழுதியிருந்தார். மட்டக்களப்பில் எனக்காகக் காத்திருக்கவும் யாருமில்லை. மறுயோசனையின்றி லீவு எழுதிக் கொடுத்தேன்.

காலை ஏழரை பஸ். ஏறத்தாழ இருபத்திரண்டு மைல், கட்டணம் ஒரு ரூபாய். ஒன்பதேகாலுக்கு இறங்கினேன். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கடைக்காரர் ஒருவரிடம் இஸ்மாயிலின் வீட்டைக் கேட்டேன். வாய் திறக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

விஷயம் இதுதான். ஊர்ப் பள்ளிவாசல் நேர் மேற்கைப் பார்த்துக் கட்டியது. மக்கா நேர் மேற்கில் இல்லை, ஏறக்குறைய இருபத்து மூன்றரைப் பாகை வடக்கே சரிந்திருக்கிறது என்று இஸ்மாயில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். 'அப்படியென்றால் எங்கள் வாப்பாமார் தொழுததெல்லாம் வீணா?' என்று ஊர் கொதித்தது. ஐந்து மாதமாக அவர் வீட்டில் தனியாகப் பாய் விரித்துத் தொழுகிறார்.

வருடத்தில் இரண்டு நாள் சூரியன் மக்காவிலுள்ள கஃபாவின் நேர் உச்சியில் நிற்கும். அதில் ஒன்று மே 28, நம் நேரம் பிற்பகல் 2.48. அந்தக் கணத்தில் சூரியன் இருக்கும் பக்கமே கிப்லா, தொழ வேண்டிய திசை. கணக்கு தெரியாதவரும் பார்க்கலாம் என்பதால் தொழுகை நடத்தும் லெப்பை சம்மதித்திருந்தார்.

பள்ளிவாசல் முற்றத்தில் நூலில் ஈயக்குண்டு கட்டித் தொங்கவிட்டோம். காற்றுக்கு அது ஆடியது. லெப்பையே தன் சால்வையை விரித்து மறைத்தார். வானொலி நேரத்துக்குச் சரிசெய்த கடிகாரத்தைப் பார்த்து "இப்போது" என்றேன். இஸ்மாயில் நிழல்மேல் கரிக்கோடு இழுத்தார். கோடு பக்கச் சுவரோடு சேராமல் வடக்கே சரிந்து கிடந்தது.

லெப்பை நெடுநேரம் குனிந்து பார்த்தார். "உங்கட கணக்கு எனக்கு விளங்கல்ல மாஸ்டர். இது விளங்குது. அசறுக்குப் பாயச் சரிச்சுப் போடுவம்."

"அப்ப எங்கட வாப்பாமார்ர தொழுகை?" என்று ஒருவர் கேட்டார்.

"அவங்க தெரிஞ்ச பக்கம் பாத்துத் தொழுதாங்க. அல்லாஹ் ஏத்துக்குவான்."

பிற்பகல் தொழுகையான அசறுக்குப் பாய்கள் சரிந்தன. நான் சைவன், வெளியே நின்றேன். இஸ்மாயில் கடைசி வரிசையில் நின்று தொழுதார். வெளியே வந்தவர் முகத்தில் வென்றவரின் களை இல்லை. ஊரின் அடக்கத்தலமான மையவாடிக்குக் கூட்டிப்போய்ப் புதுமண் மேடொன்றின் அருகே நின்றார்.

"வாப்பா. போன மாசம் மௌத்து. ஜனாஸாத் தொழுகைக்கு எல்லாரும் மேற்கப் பாத்து நிண்டாங்க. நான் நிக்கல்ல. வேலியோரம் தனியா நிண்டன்." வேலிப்பக்கம் கை காட்டினார். "லெப்பை சொன்னாரே, தெரிஞ்ச பக்கம் பாத்தாப் போதுமெண்டு. அது எனக்கும் தெரியும் மச்சான். அண்டைக்கும் தெரியும். தெரிஞ்சும் அவங்களோட நிக்கல்ல."

கணக்குச் சரியாக வந்த நாளில் இப்படி ஒன்றைக் கேட்பேன் என்று நான் எண்ணவில்லை. தோளில் கை வைத்தேன்.

இதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஜூலை 16-இலும் பார்க்கலாம், நேரம் 2.57. மேகமில்லாத வானம் வேண்டும். குண்டு கனமாக இருக்கட்டும். திரும்ப அன்று கடைசி பஸ் ஐந்தரைக்கு. "இரிந்துட்டுப் போவன்" என்று தங்கச் சொல்லி இஸ்மாயில் இரண்டு முறை கேட்டார். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். நீங்கள் போனால், யாராவது அப்படிக் கேட்டால், தங்கிவிடுங்கள்.