தறிக்காரிக்குத் தொண்டை எதற்கு?

போன வருடம் ஆடி மாதம், காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து, என்ன வேலை என்று கேட்டார். "தறி சார்" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். நானும் எதையும் கேட்கவில்லை. படித்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

கண் விழித்தபோது வயிற்றைவிடத் தொண்டைதான் எரிந்தது. பேசினால் வெறும் காற்று வந்தது. நர்ஸிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "ஆபரேஷன் வயித்துல, வலி தொண்டையிலயா? நல்லா இருக்குதேம்மா!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நாங்கள் நெய்வது கரை வேறு நிறமாக வரும் பட்டுப் புடவை. அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். கணவர் நடுவில், நான் கரைப் பக்கம். என் பக்கம் இழை அறுந்தால் நான் கத்தினால்தான் அவர் நிறுத்துவார். அவருக்குக் காது மந்தம் வேறு. குரல் திரும்பாவிட்டால் என்ன செய்வது? அது ஒன்றே மனதில் ஓடியது.

மாலையில் கணவர் வந்தார். "இன்னாம்மா, வாய் மட்டும் அசையுது? இருபது வருசமா கத்திக்கினே இருந்தே, இப்பதான் வீடு அமைதியா இருக்கப் போவுது" என்றார். நான் அழுததும் பயந்துபோய், நல்ல காதை என் வாயருகே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சர். அதே நாள், அதே டாக்டர், அதே ஆபரேஷன். கணீரென்று பேசினார். "மூச்சுக்குத் தொண்டையில குழாய் விடுவாங்கம்மா. டீச்சர்னு சொன்னதும் சின்ன குழாயா போடறேன்னாரு. முன்னாடியே கொப்பளிக்க மருந்து குடுத்தாரு. உங்களுக்குத் தரலையா?"

எனக்குக் குழாய் விட்டதே அப்போதுதான் தெரியும். குழாய் எல்லோருக்கும், கொப்பளிக்கிற மருந்து மட்டும் ஆள் பார்த்தா? தறிக்காரி பேசவே மாட்டாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

ஒரு வாரத்தில் குரல் வந்துவிட்டது. கோபம்தான் போகவில்லை.

சென்ற மாதம் என் நாத்தனாருக்கு அங்கேயே ஆபரேஷன். அதே டாக்டர், அதே கேள்வி. அவளும் "தறி" என்றாள். அவர் எழுதி முடிப்பதற்குள் எழுந்து நின்றேன். "தறிக்காரங்களும் பேசறவங்கதான் சார். அந்தக் கொப்பளிக்கிற மருந்தை இவங்களுக்கும் குடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "இதெல்லாம் யாரும்மா சொன்னது உங்களுக்கு?"

"என் தொண்டை சார்."

மருந்து வந்தது. மறுநாள் நாத்தனாருக்கு லேசான கரகரப்பு, அவ்வளவுதான். "காப்பி ஆறிப்போச்சு, இதைப் போய் தூக்கினு வந்தியா?" என்று வார்டுக்கே கேட்கும்படி என்னை வைதாள். அந்தத் திட்டு காதுக்கு இனிப்பாக இருந்தது. ஆனாலும், ஒரு வாய் மருந்துக்கு எழுந்து நின்று வாதாட வேண்டியிருந்ததை நினைத்தால், என்னைப் போல் கேட்க வாய் வராமல் அங்கே படுத்திருக்கிறவர்களுக்காக இன்றும் வயிறு எரிகிறது.