பூட்டிய வீட்டைப் பற்றி ஓர் அறிக்கை

நன்னடத்தை அதிகாரியாக வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். சென்னையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவன், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவன், கேட்க வேண்டுமா! தப்புச் செய்த சிறுவனின் வீட்டைப் போய்ப் பார்த்து, பெற்றவர்களிடமே விடலாமா, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று நீதிபதிக்கு எழுதுவதுதான் வேலை. அறுபதுகளின் தொடக்கம் அது.

ஆமத்தூர்ப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயது, தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விருதுநகரில் பிடிபட்டான். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். மதுரையில் சிறுவர் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். அம்மா பொறுப்பானவள் என்று நான் எழுதினால் வீடு. இல்லையென்றால் செங்கல்பட்டு சீர்திருத்தப் பள்ளியில் மூன்று வருடம்.

விசாரிக்க நான் தேர்ந்தெடுத்த நாள் ஆடி கடைசி வெள்ளி. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீடும் பூட்டு, எதிர்வீடும் பூட்டு. விசாரணைத் தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகினேன். 'தாய் மகனைக் கைவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்' என்று அங்கேயே நின்று அறிக்கை எழுதினேன். தெருவே பூட்டிக் கிடந்ததை, 'அக்கம்பக்கத்தாரும் அக்கறையற்றவர்கள்' என்று தனிப் பத்தியாகச் சேர்த்தேன். இத்தனைக்கும் நான் பக்கத்துச் சாத்தூர்க்காரன்; ஆடி கடைசி வெள்ளியன்று சுற்றுவட்டாரமே இருக்கன்குடி அம்மன் கோயிலில்தான் இருக்கும் என்று தெரிந்தவன். அன்று காலையில் என் மனைவி இருக்கன்குடித் திருவிழாவுக்குக் கிளம்பிப் போய்விட, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு என் வீட்டை நானே பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். மண்டையில் உறைக்கவே இல்லை.

மறுநாள் காப்பகத்துக்குப் போய்ப் பையனிடமும் சொன்னேன். "உங்கம்மா வீட்டப் பூட்டிட்டு எங்கேயோ போயிட்டா." எதையும் மறைக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவன் அழவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். 'உணர்ச்சியற்றவன்' என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

விசாரணை அன்று அவன் அம்மா மஞ்சள் சேலையோடு வந்து நின்றாள். கையில் என் சீட்டு. உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன.

"ஐயா, வீடு தேடி வந்தீகளாம்ல. புள்ள வீட்டுக்கு வரணும்னு இருக்கன்குடியில அக்கினிச்சட்டி எடுக்கப் போயிருந்தேன். ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமப் போச்சே. கோவிச்சுக்கிடாதீக."

உள்ளே நீதிபதி அறிக்கையைக் கையில் எடுத்ததும் நான் எழுந்து, அந்தம்மா கோயிலுக்குப் போயிருந்ததைச் சொல்லி, "நான் யாரிடமும் விசாரிக்காமல் எழுதிவிட்டேன்" என்றேன்.

"ஆடி வெள்ளியன்னிக்கு அங்கன போயி ஆளைத் தேடுனீராக்கும்?" என்றார் அவர். குமாஸ்தா வாய்விட்டே சிரித்தார். பையனை அம்மாவின் பொறுப்பில் விட்டார்கள். மாதம் ஒருமுறை நான் போய் அவன் நடத்தையைப் பார்த்து வர வேண்டுமாம். நானே பார்க்க வேண்டுமாம்!

தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். வராண்டாவில் அவள் மகனுக்குத் திருநீறு பூசப் போனாள். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"எம்மா, நெசமா கோயிலுக்குத்தான் போனியா?"

"பின்ன எங்கலே போவேன்?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "ஆமாப்பா, கோயிலுக்குத்தான் போயிருந்தாக" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவளிடம் நெற்றியைக் காட்டினான்.