இந்தப் பக்கத்து ஆள்

யூனியன் ஆபீஸ் ஒரு உரக்கடைக்கு மேலே இருந்தது. படி ஏறும்போதே யூரியா வாடை தொண்டையில் பிடித்துக்கொள்ளும். முதல்முதலாகப் போன அன்று பாதிப் படியில் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். மேலே போனதும் ஏதாவது எழுதிக் காட்டச் சொல்லிவிட்டால்? நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வாசிக்கப் பிடிக்கும். ஆனால் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எழுதச் சொன்னால் கை நடுங்கும். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் என்று வெளியே சொல்வதுண்டு. உண்மையில் அந்தக் கை நடுக்கம்தான்.

மேலே யாரும் எதையும் எழுதச் சொல்லவில்லை. செக்ரட்டரி என் ஆதார் கார்டைத் திருப்பிப் பார்த்தார். "வீடு எங்க?" என்றார். பாறசாலையில் ரயில் பாதைக்கு அடுத்த ஊர் என்றேன்.

"அப்போ இந்தப் பக்கம். செரி. நாளைக்கு வண்டியில ஏறிக்கோ."

இந்தப் பக்கத்தில் பிறந்திருந்தேன், அதுதான் தகுதி. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளை தாண்டி, மண் தோண்டுகிற மண்ணுமாந்தி வண்டிகள் நிறைய உண்டு. வாடகையும் குறைவு. அதனால் பாறசாலை, கொல்லயில், நெய்யாற்றின்கரை வரைக்கும் வீட்டுக்கு அடித்தளம் தோண்ட அந்த வண்டிகளைத்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் சும்மா இருக்க முடியுமா? யூனியன் ஒரு ஏற்பாடு செய்தது. அங்கிருந்து வருகிற வண்டி இங்கே மண்ணில் பக்கெட்டை வைக்க வேண்டுமானால், கூட இந்தப் பக்கத்து ஹெல்பர் ஒருவன் நிற்க வேண்டும். அவன் ஒரு வருஷத்துக்குள் கூட நின்று ஓட்டப் படித்துவிட்டால், வண்டியின் ஆபரேட்டரை ஆபீசுக்கு அழைத்து, இவன் ஓட்டுவானா என்று கேட்பார்கள். ஓட்டுவான் என்று அவர் சொல்லிவிட்டால் ஹெல்பர் ஆபரேட்டர் ஆகிவிடுவான். அதற்குப் பிறகு அந்த வண்டி இங்கே வருமானால் சீட்டில் இந்தப் பக்கத்து ஆள்தான் இருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், என்னைப் படிப்பிக்கிறவனின் வேலைதான் எனக்குக் கிடைக்கும்.

அவன் என்னைவிடச் சின்னவன். பத்து வயது குறைவாகவே இருக்கும். மறுநாள் காலை நான் போய் நின்றபோது சீட்டில் இருந்தபடியே கீழே பார்த்தான்.

"யூனியன் அனுப்பின ஆளா?"

"ஆமா."

"உமக்கு என்ன தெரியும் அண்ணே?"

"ஒண்ணும் தெரியாது தம்பி."

"நல்லது. தெரிஞ்ச மாதிரி காட்டாம இருந்தாப் போரும்."

கிரீஸ் அடிப்பது, டீசல் வாங்கி வருவது, சாயங்காலம் பக்கெட்டைக் கழுவுவது, தோண்டும்போது அவன் கண்ணுக்குப் படுகிற இடத்தில் நின்று கைகாட்டுவது. இதுதான் என் வேலை. கைகாட்டுவதில் நான் அவனுக்குப் பெரிய தொல்லை. எனக்கு எதைப் பார்த்தாலும் விழப்போவது போலத்தான் தோன்றும். மதில் பக்கத்தில் பக்கெட் திரும்பினால் முஷ்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்வேன். தென்னை ஓலை ஆடினாலும் நிறுத்தச் சொல்வேன். வண்டி சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் ஜாக்கியை இறக்கினபிறகு அதன் அடியில் மண் கெட்டியா என்று காலால் மிதித்துப் பார்ப்பேன்.

"அண்ணே, வண்டி மறியாது. நீருதான் மறிவீரு. கொஞ்சம் தள்ளி நில்லும்" என்பான்.

ஒரு நாள் மதியம் இரண்டு பேரும் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தோம். அவன் சாதாரணமாகக் கேட்டான்.

"நீரு படிச்சா நான் போணும். தெரியும்லா?"

"தெரியும்."

"பின்ன எதுக்கு நான் படிப்பிக்கணும்?"

கிழங்கு வாயிலேயே நின்றது. அவன் சிரித்தான்.

"விழுங்கும் அண்ணே. கேட்டேன், அவ்வளவுதான்."

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் என்னைச் சீட்டில் ஏற்றவும் இல்லை. என் பெண்சாதி அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிறவள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு சாயங்காலம் வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்காவது ஏத்தினானா?"

"இல்லே."

"நீங்க கேக்க மாட்டிய. கேட்டா என்ன, கடிச்சா வைப்பான்?"

கேட்பதற்கு எனக்குப் பயம். ஏற்றாமலே வருஷம் முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம். ஏற்றி, நான் யாருடைய சுவரையாவது இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று மறு பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு சோறு தின்பேன்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கினபிறகு கொல்லயிலில் ஒரு வேலை வந்தது. வீட்டின் பின்னால் மண் திட்டு ஒன்று சுவரை ஒட்டி ஏறி நின்றது. அதை வெட்டி இடம் எடுத்துத் தாங்குசுவர் கட்ட வேண்டும். வேலைக்குப் போன அன்றே கவனித்தேன், ஆபரேட்டர் வண்டியிலிருந்து இறங்கும்போது கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி இறங்கினான். கீழே வந்ததும் டயரில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

"என்ன மக்கா?"

"முதுகு."

"ஆசுபத்திரிக்குப் போலாம்."

"போனா படுக்கச் சொல்லுவான். படுத்தா வண்டி முதலாளி நாளைக்கே வேற ஆளைப் போடுவாரு. எங்க பக்கத்துல ஆபரேட்டருக்கா பஞ்சம்? நீரு யாரிட்டயும் சொல்லாதேயும்."

நான் சொல்லவில்லை. மறுநாள் அவனால் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கவே முடியவில்லை. தோண்டுகிற கை வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பாமல் ஒன்றும் நடக்காது. அவன் இறங்கிவந்து, பலாமரத்தடியில் டீசல் கேனைக் கவிழ்த்துப்போட்டு அதில் பாதி உட்கார்ந்தான்.

"ஏறும்."

"எனக்குத் தெரியாதே."

"இத்தர நாளு வாயைப் பொளந்து பாத்துட்டுத்தானே நின்னீரு. ஏறும் அண்ணே. மழை வாறதுக்கு முன்ன கொஞ்சமாவது எடுக்கணும்."

ஏறினேன். சீட்டின் சூடு இன்னும் போகவில்லை. லிவரைத் தொட்டதும் கை நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் நடுங்கிய அதே நடுக்கம். பக்கெட் போய் மண்ணில் தொப்பென்று விழுந்தது. வண்டி முழுவதும் குலுங்கியது.

"மண்ணு கூட உமக்கு என்ன வழக்கு?" கீழேயிருந்து கத்தினான். "குத்தாதேயும். சோத்துல கை வைக்கது மாதிரி வையும்."

மறுபடி வைத்தேன்.

"இப்போ இழுவும். பதுக்க. பதுக்கன்னா மெள்ளன்னுதான், நிறுத்துகது இல்லே."

அவன் இப்போது என் இடத்தில் இருந்துகொண்டு எனக்குக் கைகாட்டினான். என் கண்ணுக்குப் படாத இடம் எது, எங்கே சுவர், எங்கே குழாய், எல்லாவற்றையும் அவன் கை சொன்னது. முஷ்டியை அவன் ஒரு தடவைகூடத் தேவையில்லாமல் தூக்கவில்லை. அவன் வெட்டியிருந்தால் திட்டை நேர்குத்தாக வெட்டியிருப்பான். எனக்கு அந்த ஈர மண்ணைப் பார்க்கவே பயம். படிபடியாகச் சாய்த்து வெட்டினேன்.

"இப்பிடி வெட்டினா ஓணம் வந்துரும்" என்றான். பிறகு திட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கெடக்கட்டு. அப்பிடியே வெட்டும்."

அந்த வேலை முடியும்வரை நான்தான் சீட்டில் இருந்தேன். அவன் பலாமரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்தபடி கைகாட்டினான். மழை வந்தால் வண்டிக்கு அடியில் ஒதுங்குவான். வீட்டுக்காரம்மா கட்டன்சாயா கொண்டுவரும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நிற்பான். எனக்கு லிவர் பழகிவிட்டது. ஒரு நாள் பக்கெட் நிறைய மண்ணைத் தூக்கி, சிந்தாமல் திருப்பி, டிப்பரில் போட்டேன். அப்போது மனதில் என்னவோ ஒன்று லேசானது. கீழே பார்த்தேன். அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அந்த லேசு அப்படியே போய்விட்டது.

வேலையின் கடைசியில், ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுச் செக்ரட்டரி அந்த வழியாக வந்தார். ஸ்கூட்டரை இடவழிச் சந்தில் நிறுத்திக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குடையைத்தான் முதலில் பார்த்தேன். பக்கெட் பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துப் போனார்.

"பாத்தாரா?" சாக்கில் படுத்திருந்தவன் கேட்டான்.

"பாத்தாரு."

"நான் படுத்துக் கெடக்கதயா?"

"மரம் மறைச்சிருக்கும். நான் ஓட்டுகதைத்தான் பாத்தாரு."

அவன் கண்ணை மூடினான். "அப்போ கூப்பிடுவாரு."

"உனக்க முதுகுக் காரியத்தை நான் சொல்லட்டா? அதனாலத்தான் ஏறினேன்னு."

"சொன்னா முதலாளி காதுக்குப் போவும். அதோட தீந்துது. வாயை மூடிட்டு இரும்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ஆபீசில் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. செக்ரட்டரி உட்காரச் சொல்லியும் அவன் மேஜைப் பக்கம் நின்றே இருந்தான். மரியாதைக்கு நிற்கிறான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவனால் உட்கார முடியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இவன் ஓடிக்குமோ?" இவன் ஓட்டுவானா என்று செக்ரட்டரி மலையாளத்தில் கேட்டார். அந்தக் கேள்வியை அங்கே மலையாளத்தில்தான் கேட்பார்கள்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். ஓட்டத் தெரியாது என்று சொன்னால், தெரியாத ஒருவனை ஒரு வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் எதற்கு ஏற்றினாய் என்று கேட்பார்கள். இனி இந்தப் பக்கம் அவனை மண்ணைத் தொட விடமாட்டார்கள். தெரியும் என்று சொன்னால் சீட்டு எனக்கு. நான் வாயைத் திறந்து முதுகைப் பற்றிச் சொன்னால் அவனுக்கு அந்தப் பக்கமும் இல்லை. எந்த வழியில் போனாலும் அவன்தான் இறங்க வேண்டியிருந்தது. அவன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது, சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

"ஓட்டுவாரு" என்றான். "கொஞ்சம் பதுக்க ஓட்டுவாரு. ஆனா ஓட்டுவாரு."

யாரோ கீழே போய்ச் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்தார்கள். செக்ரட்டரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எலே, முகத்தைக் கொஞ்சம் தெளிச்சமா வை. நம்ம பக்கத்துலயும் நாலு வீட்டுல அடுப்பு எரியணும்லா" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு கிடையாது. எனக்காக அவர் சந்தோஷப்படத்தான் செய்தார். பழம்பொரி எண்ணெய் விரலில் ஒட்டியதைத் துடைக்கத் தெரியாமல் நின்றேன்.

அவன் படியில் பக்கவாட்டாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நான் கையை நீட்டினேன். அவன் அதைப் பார்க்காதது போல இறங்கி, பைக்கை உதைக்க முடியாமல் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்தான்.

"இடது ஜாக்கி நின்னுட்டு இருக்கும்போ தானா இறங்கும். அடியில கட்டை குடுக்கணும்" என்றான்.

"நான் எனத்தையும் சொல்லல்ல மக்கா."

"தெரியும். நீரு எனத்தச் சொல்ல?"

தூறலில் எல்லைப் பக்கமாகப் போனான்.

வீட்டில் பெண்சாதி கோழிக்கறி வைத்திருந்தாள். "இனியும் என்ன மூஞ்சி இது? கிடைக்காட்டாலும் இதே மூஞ்சி, கிடைச்சாலும் இதே மூஞ்சி" என்றாள். தட்டில் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டாள். நான் தின்றேன்.

முதல் வாரமே கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு வேலை. அங்குள்ள அணைக்கு அருகே மண்ணெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. பின் டயர் புதைந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. வேறு வழியில்லாமல் அவனுக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தான். என்ன சாய்வு, எந்த டயர், ஜாக்கி எங்கே நிற்கிறது என்றெல்லாம் கேட்டான். பக்கெட்டை மண்ணில் ஊன்றி வண்டியைத் தூக்கி, டயருக்கு அடியில் கல்லைப் போட்டு, பக்கெட்டாலேயே தள்ளி ஏற்றச் சொன்னான். ஏறிவிட்டது.

"ஏறிட்டு மக்கா" என்றேன்.

"செரி."

"முதுகு எப்பிடி உண்டு?"

"சாயங்காலம் மழை உண்டு. வண்டிய மேட்டுல கொண்டு போடும்" என்று வைத்துவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்து அதே பக்கம் மறுபடி மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை இரண்டு பின் டயரும் புதைந்துவிட்டன. போனை அவன் பெண்சாதி எடுத்தாள். முனகல் சத்தம் பின்னால் கேட்டது.

"அவிய படுத்திருக்காவ. இப்போதான் மாத்திரை போட்டு உறங்கினாவ" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க கூப்பிட்டா, வண்டிக் காரியம்னா எழுப்பணும்னு சொல்லியிருக்காவ. எழுப்பட்டா அண்ணா?"

"வேண்டாம்மா" என்றேன். "வண்டிக் காரியம் இல்லே. சும்மாத்தான் கூப்பிட்டேன்."

வீட்டுக்காரர் குடையோடு வந்து, என்ன, ஏறுமா ஏறாதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏறும் என்று சொல்லிவிட்டு, சாய்ந்து நின்ற வண்டியில் ஏறி சீட்டைத் திருப்பினேன்.