கார்த் தரிப்பிடத்துக்கு இந்தப் பக்கம் ஓர் அரசாங்கம்

"பிள்ளை, எல்வெரும் எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்று அருளானந்தன் மாமா கேட்டார்.

"ஊர். ஹாமருக்குக் கிட்ட," என்றேன்.

"ஊர் எண்டு எனக்கும் தெரியும். அங்கை என்ன நடந்தது?"

பள்ளியில் படித்ததைச் சொன்னேன். 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை வந்தபோது ஒஸ்லோவை விட்டு ஓடிய நோர்வேப் பாராளுமன்றம் எல்வெருமில் கூடியது. மறுபடி கூட முடிகிறவரை நாட்டைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் விட்டது. அரசாங்கம் பிறகு லண்டனுக்குப் போய் ஐந்து வருடம் அங்கிருந்து ஆண்டது.

"எப்பிடி ஆண்டது?"

"தற்காலிகக் கட்டளைகளாலை."

"அதுதான். விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. அரசரும் மந்திரிமாரும் கையெழுத்து வைச்சால் அது சட்டம். ஒருத்தரும் பிழை சொல்லேல்லை. சரியோ?"

"ஓம்."

"அப்ப நான் செய்யிறதும் சரி."

"அவைக்குப் பாராளுமன்றம் அதிகாரம் தந்தது மாமா. உங்களுக்கு ஆர் தந்தது?"

"நிலைமை தந்தது," என்றார்.

குசினியில் உளுந்து கழுவிக்கொண்டிருந்த மங்களேஸ்வரி மாமி திரும்பிப் பார்க்காமலே சொன்னா: "நிலைமைக்குத் தேத்தண்ணியும் வேணுமோ எண்டு கேள் பிள்ளை. வேணுமெண்டால் நிலைமை தானே எழும்பி வந்து போடட்டும்."

மாமா அதைக் காதில் வாங்காமல் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். மேலே "கட்டளை இலக்கம் 1" என்று இருந்தது. கீழே ஊதா மையில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வட்ட முத்திரை. "இதை நொர்ஸ்க் பாஷையிலை மாத்தித் தா," என்றார்.

அவர் எங்களுக்குப் பக்கத்துப் படிக்கட்டு வீடு. மாமியும் என் அம்மாவும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர்கள். அதனால் ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் நடந்த இந்த ஆட்சியை நான் கிட்ட இருந்து பார்த்தேன்.

அருளானந்தன் மாமா எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவராக வந்தவர். படிப்பு ஒரு குளிர்காலத்தோடு முடிந்தது. ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டினார், பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். இவ்வளவும் எங்கள் அப்பாமாரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். அவருக்கென்று தனியாக இருந்தது ஒன்றுதான்: எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் பதவி. எனக்குப் பால்பல் விழுந்த வயதில் அவர் தலைவர். நான் வாக்களிக்கும் வயதுக்கு வந்தபோதும் அவரே தலைவர். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் "சுருக்கமாகச் சொல்லப்போனால்" என்று தொடங்குவார். பிள்ளைகள் தரையில் படுத்து நித்திரை கொள்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், பங்குனி மாத ஆண்டுக் கூட்டத்தில் அவர் தோற்றார். வென்றவர் லதீசன் என்கிற கணினிக்காரர். லதீசனும் ஒன்றும் பெரிய மேதை இல்லை. "நோக்கு", "இலக்கு" என்று இரண்டு படங்களைத் திரையில் காட்டினார், அவ்வளவுதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் முடித்தார். சனம் நன்றியோடு கையைத் தூக்கியது.

மாமா எழுந்து கூட்டம் செல்லாது என்றார். சாப்பாட்டுக்கு வந்த இரண்டு பேர் உறுப்பினர் இல்லை என்பது காரணம். பிறகு மேசையிலிருந்த முத்திரையையும் மைப்பெட்டியையும் சங்க விதிகள் அடங்கிய யாப்புப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். யாரும் தடுக்கவில்லை. சாம்பாரைச் சூடாக்குவதா வேண்டாமா என்பதுதான் அப்போது அங்கே பேச்சு.

முத்திரை யாரிடமோ அவரிடமே சங்கம் என்று மாமா மனதார நம்பினார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முத்திரைக்காக நாள் முழுக்க வரிசையில் நின்ற ஊரில் வளர்ந்தவருக்கு அது இயல்பான நம்பிக்கை. அவர் வீடு போய்ச் சேருவதற்கிடையில், மண்டபத்து மூலையில் ஒரு கையில் வடையோடு நின்ற லதீசன் மறுகையிலிருந்த தொலைபேசியில் சங்கங்களைப் பதியும் அரசாங்கப் பதிவகத்தின் தளத்துக்குள் நுழைந்து, புது நிர்வாகத்தின் பெயர்களைப் போட்டு அனுப்பிவிட்டார். முத்திரை போனதைச் சொன்னபோது, "எங்களிட்டை முத்திரை இருந்ததோ?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து மாமாவின் பேச்சில் லதீசன் நிர்வாகம் "ஆக்கிரமிப்பு" ஆனது. தன் வீட்டுக் குசினி மேசை "புகலிட நிர்வாகம்" ஆனது. நோர்வே அரசாங்கத்துக்கும் அது ஆண்ட நாட்டுக்கும் இடையில் வடகடல் இருந்தது. மாமாவுக்கும் அவருடைய நாட்டுக்கும் இடையில் ஒரு கார்த் தரிப்பிடம். சங்கம் வாடகைக்கு எடுத்திருந்தது எதிரே தெரியும் பாடசாலையின் கீழ்த்தளத்தை. அங்கே யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று தேத்தண்ணி குடித்தபடியே பார்க்கலாம்.

மந்திரிசபையில் இன்னொருவர் இருந்தார். ஸ்தவாங்கரில் இருக்கும் குகநேசன், மாமாவோடு ஹம்மர்பெஸ்டில் ஒரே அறையில் இருந்தவர். அவர் தொலைபேசியில் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்பார். அத்துடன் கட்டளை நிறைவேறியதாகக் கொள்ளப்படும்.

நூலகத்திலிருந்து மாமா போர்க்கால வரலாறு ஒன்றை எடுத்து வந்திருந்தார். லண்டனிலிருந்து அரசாங்கம் கப்பல்களைத் தன் பொறுப்பில் எடுத்தது, கட்டளை. எதிரியோடு சேர்ந்தவர்களைத் தண்டிக்க வழி செய்தது, கட்டளை. அதே காலத்தில் ஒஸ்லோவில் ஆக்கிரமிப்பாளனும் கட்டளை மேல் கட்டளையாகப் போட்டான். நடுவில் இருந்த சனம் தடைசெய்த வானொலியை விறகுக்குள் ஒளித்துவைத்து லண்டனைக் கேட்டது. பிடிபட்டால் சிறை, அதற்கு மேலும் நடக்கலாம். மாமாவின் கட்டளைகள் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வந்தன. எங்கள் சனம் குழுவின் ஒலியை நிறுத்திவைத்தது. அதுவும் ஒளித்துவைப்பதில் ஒரு வகைதான்.

கட்டளை 2 பொங்கல் விழாவைத் தள்ளிவைத்தது. அந்த வருடப் பொங்கல் ஏற்கெனவே முடிந்திருந்தது. கட்டளை 4 லதீசன் வைக்கும் எந்தப் பெயர்ப்பலகையும் செல்லாது என்றது. கட்டளை 5 உறுப்பினர் எவரும் ஆக்கிரமிக்கப்பட்ட மண்டபத்துக்குள் காலடி வைக்கக்கூடாது என்றது. இவற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கட்டளை 6 மட்டும் ஒருவருக்கு வலித்தது.

அந்தக் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு மாமிதான் ஆசிரியை. வயதானவர்களைத் தூக்கி, கழுவி, உடுப்பு மாற்றி முதுகு தேய்ந்த மனுசிக்கு வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் தன்னுடையது. நல்ல சேலை உடுத்தி, வெண்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவா. மாமி "ஆ" சொல்லிக் கொடுக்கும்போது தரிப்பிடம் வரை கேட்கும். அவவுக்கு அந்த வகுப்பு இருக்குமா, போகுமா என்பதுதான் அந்த வருடத்தின் கேள்வி. மற்றதெல்லாம் மாமாவின் மேசையிலிருந்த தாள்.

ஆவணியில் வகுப்புத் தொடங்கவிருந்த வாரம் கட்டளை 6 வந்தது: ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கீழ் எந்த ஆசிரியரும் கற்பிக்கக்கூடாது. முன்னுதாரணத்தையும் மாமாவே எழுதியிருந்தார். 1942இல் நோர்வே ஆசிரியர்கள் ஆக்கிரமிப்பாளரின் புதுச் சங்கத்தில் சேர மறுத்தார்கள். நூற்றுக்கணக்கானோரைப் பிடித்து வடக்கே கிர்க்கெனெசுக்கு வேலை செய்ய அனுப்பினார்கள். அப்படியும் அவர்கள் பணியவில்லை.

சனிக்கிழமை காலை நான் போனபோது மாமி சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தா. பெரிய பிள்ளைகளின் வகுப்பை நான் பார்ப்பதால் நாங்கள் சேர்ந்தே போவோம்.

"நீர் கட்டளையைப் பாக்கேல்லையோ?" என்று மாமா கேட்டார்.

"பாத்தனான். வடிவா எழுதியிருக்கிறியள்."

"அப்ப எங்கை போறீர்?"

"கிர்க்கெனெசுக்கு," என்றா மாமி.

"பகிடி இல்லை மங்களம். அந்த வாத்திமார் எவ்வளவு கஷ்டப்பட்டவை தெரியுமே."

"தெரியும். நீங்கள்தானே ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினியள். அவை என்ன செய்தவை? மேலையிருந்து ஒருத்தன் கட்டளை போட, ஏலாது எண்டு சொன்னவை. நானும் அதைத்தான் செய்யிறன். கதவைத் திற பிள்ளை."

பதில் இல்லாத அரசாங்கங்கள் செய்வதையே மாமாவும் செய்தார். பாடசாலை அலுவலகத்துக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தி அனுப்பினார். "சனிக்கிழமைகளில் உங்கள் கட்டடத்தில் கற்பிக்கும் மங்களேஸ்வரி அருளானந்தனுக்கு எந்த அதிகாரமும் இல்லை."

இது சின்ன விடயம் இல்லை. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட இடத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தால் இந்த நாட்டில் யாரும் சிரித்துவிட்டுப் போகமாட்டார்கள். விளக்கம் வரும்வரை கீழ்த்தளம் பூட்டியிருக்கும் என்றார்கள். இரண்டு சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. ஏற்கெனவே மெலிந்திருந்த வகுப்பு அது. பெற்றோர் சிலர் பிள்ளைகளை நகரத்தின் மறுபக்கத்து வகுப்பில் சேர்க்கப்போவதாகக் கதைத்தார்கள். லதீசன் பாடசாலைக்கு மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொன்னார். அதிலும் "இலக்கு" இருந்திருக்கும்.

மாமி நேரே போனா. என்னையும் கூட்டிப்போனா, ஆனால் வாய் திறக்க விடவில்லை. அலுவலகத்தில் கரோலினா என்ற பெண் இருந்தாள். கடிதத்தை மேசையில் வைத்து, இந்த மனிதர் யார் என்று மெதுவாகக் கேட்டாள். மாமி முதியோர் இல்லத்தில் பழகிய நோர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னா:

"அவர் என்ரை மனுசன். தேர்தலிலை தோத்துப்போனார்."

கரோலினா கடிதத்தைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். "எவ்வளவு காலமாக இப்படி?" என்றாள்.

"பங்குனியிலையிருந்து."

பதிவகத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அவள் பூட்டியிருந்த கீழ்த்தளத்தின் திறப்பை மாமியின் கையில் கொடுத்தாள். மாமி அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினா. தரிப்பிடத்தில் நின்று மூக்கைத் துடைத்தா. "உலகத்திலை எத்தினை ஆம்பிளையள் தோக்கினம்," என்றா. "அவை எல்லாரும் ஒரு மீன்பிடித் தடி வாங்கிக்கொண்டு போயிடுவினம்."

கட்டளை 7 அதற்கடுத்த கிழமை வந்தது. துரோகம் பற்றியது. எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் நாக்கின் நுனியில் இருக்கிறது. உயிர்களைப் பறித்த சொல், இப்போது மண்டபத் திறப்புக்கும் வடைச் சட்டிக்கும் பயன்படுகிறது. துரோகிகள் பட்டியலில் லதீசன் முதலாவது, மாமி மூன்றாவது. மாமி ஒருத்திதான் அந்தக் குழுவின் ஒலியை நிறுத்தாமல் வைத்திருந்தவ. வகுப்புக்குள் தொலைபேசி அடித்தது. வாசித்தா, பைக்குள் வைத்தா, பலகைப் பக்கம் திரும்பி "ஈ" எழுதினா.

வீட்டில் சண்டை நடக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் துண்டுக் கடதாசிகள் ஒட்டத் தொடங்கின. நானே பார்த்தேன். "சோறு குக்கருக்குள்ளை. மீன் சட்டிக்குள்ளை. இப்படிக்கு, துரோகி." மாமா பேசினால் மாமி பதில் சொல்வதில்லை. பட்டியலில் உள்ளவர்களோடு நிர்வாகம் தொடர்பு வைக்கக்கூடாது என்பது கட்டளை 7இன் இரண்டாம் பந்தி. அவ அதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தா. அந்த ஆட்சிக் காலம் முழுவதிலும் ஒழுங்காக நிறைவேறிய கட்டளை அது ஒன்றுதான்.

நூலகப் புத்தகத்தின் கடைசிப் பகுதியை மாமா வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. லண்டனிலிருந்து திரும்பிய அரசாங்கம் சில வாரங்களிலேயே பதவி விலகியது. இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்க ஒரு விசாரணைக் குழு வந்தது. ஐந்து வருடம் கட்டளையால் ஆண்டவர்கள் கட்டளையைக் கீழே வைத்தார்கள். அதைச் செய்ததால்தான் அவர்களை இன்று மரியாதையாகச் சொல்கிறோம். மாமாவின் மேசையில் புத்தக அடையாளம் ஆசிரியர்களைக் கிர்க்கெனெசுக்கு அனுப்பும் பக்கத்திலேயே நின்றது.

ஐப்பசியில் சரஸ்வதி பூசை, எங்கள் வாணி விழா வந்தது. மாமியின் வகுப்பில் ஒரு பிள்ளையும் குறையவில்லை, இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். பின்னேரம் குத்துவிளக்கை எடுத்துவரச் சொல்லி மாமி என்னை வீட்டுக்கு அனுப்பினா. மாமா பட்டு வேட்டியும் சட்டையும் போட்டு யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவரது கட்டளை 5 அவரையே மண்டபத்துக்குள் விடவில்லை. எதிரே பிள்ளைகள் நடனத்துக்கு இறக்கையாகச் சரிகைத் துணி கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

"மாமி என்ன சேலை உடுத்திருக்கிறா?" என்று கேட்டார்.

"பச்சை."

"பச்சை," என்றார். பிறகு தாளும் பேனையும் எடுத்தார். "இரு பிள்ளை. ஒரு கட்டளை எழுதித் தா. நான் சொல்லுறன்."

"என்ன எழுத?"

"கட்டளை 8. மங்களேஸ்வரி அருளானந்தன் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்குள்ளை வகுப்பு நடத்தினது புகலிட நிர்வாகத்தின்ரை இரகசிய உத்தரவின்படி எண்டு எழுது. நான்தான் அனுப்பினனான் எண்டு."

"எப்ப அனுப்பினனீங்கள்?"

"திகதியை ஆவணி முதலாம் கிழமை எண்டு போடு. லண்டனிலையும் சிலதைப் பிறகுதானே சரிப்படுத்தினவை." அவர் முத்திரையை மையில் அழுத்தினார். "துரோகப் பட்டியலிலை அவவின்ரை பேர் எதிரியை ஏமாத்தப் போட்டதெண்டும் ஒரு வரி சேர். கடைசியிலை, விழாவிலை நிர்வாகத்தின்ரை பிரதிநிதி ஒருத்தர் கலந்துகொள்ளலாம் எண்டு போடு."

நான் குத்துவிளக்கை மேசையில் வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எழுதிப்போட்டு நீயே கொண்டுபோய் அவவிட்டைக் குடு பிள்ளை," என்றார். "நான் குடுத்தால் வாங்கமாட்டா."