என் சோத்துக்கைப் பக்கம்

நான் இடதுகைக்காரி. எழுதுவது, வெங்காயம் நறுக்குவது, கோலம் போடுவது, கோபம் வந்தால் கரண்டியை விட்டெறிவது எல்லாமே இடது கையில்தான். சோறு தின்பதும் அந்தக் கையில்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். என் கை, என் வாய்.

ஆனால் என் கல்யாணப் பந்தியில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரரின் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவது அவரைத்தான். இலையில் நான் இடது கையை வைத்ததும் முழங்கையால் ஒரு இடி இடித்து, காதோரம் குனிந்து, "கைய மாத்து" என்றார். மாற்றினேன். பாயசம் முழங்கை வரைக்கும் வழிந்தது. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக அண்ணி வீட்டில் நான் சாப்பிட்டது வலது கையில். அண்ணி கெட்டவர் இல்லை. எனக்குப் பிரசவம் பார்த்தவர், காய்ச்சலில் கிடந்தபோது என் தலைக்கு எண்ணெய் வைத்தவர். இருந்தாலும் அந்த இடி மட்டும் எனக்கு விலாவிலேயே தங்கிவிட்டது.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாருக்கும் தண்ணீர் டம்ளர் இலைக்கு இடப்பக்கம் இருக்கும், சாப்பிடாத கையில் எடுத்துக் குடிப்பதற்கு. என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வாரத்திலேயே, நான் கேட்காமலே, என் டம்ளரை எடுத்து வலப்பக்கம் வைத்தார். அன்றைக்கு எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது.

அவருக்கு இடது, வலது என்று சொன்னால் ஒரு நொடி யோசித்துத்தான் புரியும். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான். சோத்துக்கைப் பக்கம் என்றால் வலது, அவ்வளவுதான் கணக்கு. புதுசில் ஒருநாள் பைக்கில் கோயிலுக்குப் போகும்போது பின்னால் இருந்த நான் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்கள் என்றேன். அவர் வலது பக்கம் திரும்பினார். ராஜகோபுரத்துக்குப் போக வேண்டியவர்கள் பேகோபுரத் தெருவில் போய் நின்றோம். ஏன் இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று நான் கத்த, நீதானே சொன்னாய் என்று அவர் கத்த, அப்புறம்தான் என் சோத்துக்கை வேறு, அவர் சோத்துக்கை வேறு என்று இரண்டு பேருக்கும் விளங்கியது. நடுத்தெருவில் நின்று சிரித்தோம்.

எங்கள் பிழைப்பு நெல் அறுக்கும் மெஷின். பழசாக வாங்கிய பெல்ட் வண்டி. சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் அகலமான ரப்பர் பெல்ட் சுற்றும். டயர் வண்டி புதைந்து நிற்கிற சேற்றில் இது பாட்டுக்கு நடந்து போகும். ஓட்டுவது அவர். யார் கழனிக்கு எப்போது போவது என்று முடிவு செய்வதும், வண்டியின் பின்னால் நடந்து சத்தம் கேட்பதும் நான். இன்ன இடத்தில் இன்ன சத்தம் என்று நான் சொன்னால் அவர் இறங்கிப் பார்க்காமலே ஸ்பேனரை எடுப்பார்.

போன தை மாசம் நான் ஒரு தப்பு செய்தேன். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி அண்ணியின் நிலம். தாழ்வான இடம், தண்ணீர் வடியாது. அவர் ஒண்டிக்கட்டை. அந்த நெல்தான் அவருக்கு வருஷத்துச் சாப்பாடு. கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. வீட்டு ஆள்தானே, பொறுத்துக்கொள்வார் என்று நான் வெளியாட்களின் கழனி இரண்டை முன்னால் போட்டுவிட்டேன். நடுவில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்து பயிர் சாய்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் வேறு மெஷின் வந்தபோதும் அண்ணி வேண்டாம் என்றிருக்கிறார், என் தம்பி வருவான் என்று. நாங்கள் போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி மழை என்று எல்லார் போனிலும் வந்திருந்தது. இன்னொரு மழை விழுந்தால் சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்து கதிரிலேயே முளைத்துவிடும். அப்புறம் மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

கால்வாசி அறுத்திருப்போம். வரப்போரம் வண்டி திரும்பும்போது டக் டக் என்று ஒரு சத்தம். அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மெதுவாக இன்னொரு முறை திருப்பச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். வலப்பக்கத்துப் பெல்ட் அடியில் தொங்கி, இழுக்கிற பல்சக்கரத்தில் உட்காராமல் ஒவ்வொரு பல்லாகத் தாண்டியது. லூஸ். இப்படியே ஓட்டினால் அடுத்த திருப்பத்தில் பெல்ட் கழன்று விழும். சேற்றுக்குள் அதை மாட்டுவது ஒருநாள் வேலை.

அன்றைக்குப் பௌர்ணமி வேறு. மலை சுற்ற வந்த கூட்டத்தில் டவுனில் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். எங்கள் மெக்கானிக் பாய் அங்கிருந்து கிளம்பி வர வழியில்லை. போனில் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அந்தச் சனியன் பிடித்த போனுக்கும் ஏரிக்கரை மேல்தான் சிக்னல். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரை மேல் ஏறினேன்.

பாய் நிதானமாகச் சொன்னார். முதலில் உருளைகளுக்கு நடுவில் அப்பியிருக்கும் சேற்றை நோண்டி எடுக்க வேண்டும். ஜாக்கி புதையாமல் கீழே பலகை கொடுத்து வண்டியைத் தூக்க வேண்டும். பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, பின்னால் இருக்கும் நீள போல்ட்டை முறுக்கினால் பெல்ட் இழுபடும். "நடு உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் போவணும்மா. முஷ்டி போனா லூஸ். அதுக்குன்னு ஜாஸ்தி முறுக்கிடாதீங்க, பேரிங் போயிடும்" என்றார்.

நான் கரையிலிருந்தே ஒவ்வொன்றாகக் கத்தினேன். பம்பு செட்டின் உடைந்த கதவு பலகையானது. எந்தப் பக்கம் என்று கீழேயிருந்து அவர் குரல் கேட்டது. "சோத்துக்கைப் பக்கம்" என்றேன். அவர் வண்டிக்கு அந்தாண்டை போய்க் குனிந்துவிட்டார். கரையிலிருந்து அவர் தலைகூடத் தெரியவில்லை.

பாயிடம் எல்லாவற்றையும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டு நான் இறங்கி வருவதற்குள் முறுக்கி முடித்து, ஜாக்கியை எடுத்து, சீட்டில் ஏறியிருந்தார். வண்டி நகர்ந்தது. இஞ்சின் முக்கியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. திரும்பும்போது அதே டக் டக், முன்னைவிட ஜாஸ்தி. அவர் இஞ்சினை அணைத்துவிட்டுத் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். பல்சக்கரமே தேய்ந்துபோயிருக்கும், இனி லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனால்தான் ஆகும் என்றார்.

அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். பம்பு செட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். அறுபது வயசு மனுஷி, தனியாக, சேற்றில் சாய்ந்து கிடந்த அவ்வளவு பயிருக்கும் முன்னால் குனிந்து முதல் பிடியை அறுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கோபம் வரும். ஏதாவது ஒன்றை உதைக்க வேண்டும்போல் இருந்தது, வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

இடப்பக்கத்து போல்ட்டின் மரை புதுசாக மின்னிக்கொண்டிருந்தது. பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் என் சுண்டு விரல்கூட நுழையவில்லை. வலப்பக்கத்து போல்ட்டில் பழைய சேறு அப்படியே காய்ந்திருந்தது.

"இன்னாங்க இது, இந்தப் பக்கத்த முறுக்கி வச்சிருக்கீங்க?"

"நீதான சோத்துக்கைப் பக்கம்னே."

"ஆமா, சோத்துக்கைப் பக்கம்தான் சொன்னேன்."

"உன் சோத்துக்கை இதுதான?" என்று அவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வெளியே, நாலு பேர் இருக்கிற இடத்தில், நான் ஊர் பேசுகிறபடிதான் பேசுவேன். நான் அவர் கையை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அவர் என் கையை நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தின் லட்சணம் இதுதான்.

கண்ணு தெரியலையா, இந்தப் பெல்ட் நன்றாகத்தானே இருந்தது என்று சண்டைக்கு நின்றேன். அவர் துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு முறுக்கிட்டேன்" என்றார். நான் போய் ஜாக்கியை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணி அறுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மளமளவென்று நடந்தது. மறுபடி பலகை, மறுபடி ஜாக்கி. இடப்பக்கத்தை இரண்டு விரல் போகிறவரை தளர்த்தினோம். வலப்பக்கத்தில் என் முஷ்டி தாராளமாகப் போய்வந்தது. சேற்றை நோண்டிவிட்டு அவர் முறுக்க முறுக்க நான் கையை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு விரல் வந்ததும் போதும் என்றேன். லாக் நட்டை இறுக்கினார். முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி ஓட்டி மறுபடி அளந்தோம். அதே இரண்டு விரல். வரப்போரம் திருப்பினார். நான் பின்னாலேயே நடந்து கேட்டேன். சத்தமே இல்லை.

கடைசி வரிசையையும் அறுத்து, நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, டிராக்டரில் கொண்டுபோய் அண்ணி வீட்டு முன்னறையில் கொட்டி முடித்தபோது மணி நாலு இருக்கும். முதல் தூறல் அப்போதுதான் விழுந்தது. அண்ணி குவியலில் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து முகர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் முதலிலேயே வந்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது அண்ணி என்று சொன்னேன். அதை விடு, கை கால் கழுவிவிட்டு வா என்றார்.

நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே மூன்று இலை போட்டார். நான் வழக்கம்போல் வலது கையால் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன். தண்ணீர் குடிக்க இடப்பக்கம் தேடினால் டம்ளர் இல்லை. அது வலப்பக்கம் இருந்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நான் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டில் குனிந்துகொண்டார்.

அண்ணி எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"கைய மாத்து."

மாற்றினேன்.