பருத்தித்துறைச் சந்தையில் பனிமலை

பருத்தித்துறை மீன் சந்தையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் ஐஸ் பக்டரி மூடிக் கிடக்கிறது. நனைத்த சாக்கால் மூடி வைத்திருக்கும் பாரை மீன்களை மகேஸ் அக்கா மத்தியானத்துக்குள் விற்றாக வேண்டும்.

"நோர்வேயிலை என்ன பிள்ளை படிக்கிறாய்?"

விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் என்னிடம் அக்கா இப்படிக் கேட்டால் போதும், என் வாய் நிற்காது. வடதுருவக் கடலில் கப்பலை விட உயரமாக நிற்கும் பனிமலையையும், பனியில் துளையிட்டு நாங்கள் சூடு அளப்பதையும் சொல்கிறேன். நாலு பேர் நின்று கேட்கிறார்கள். பிறகு பத்துப் பேர்.

"அதிலை ஒரு துண்டு எனக்குக் கொண்டு வந்திருக்கலாமெல்லே."

"அங்கையும் குறைஞ்சு கொண்டு வருது, அக்கா. உலகம் சூடாகிறதாலை உருகுது."

அக்காவின் முகம் உண்மையிலேயே வாடிவிடுகிறது.

"அட பாவமே, அங்கையும் ஐஸுக்குத் தட்டுப்பாடோ?"

கூட்டம் சிரிக்கிறது. இவ்வளவு நேரம் கேட்டுவிட்டுச் சும்மா போகக் கூச்சப்பட்டோ என்னவோ, ஒருவர் ஒரு பாரை வாங்குகிறார். அடுத்தவரும் வாங்குகிறார். வேலை முடிந்தது என்று நான் சைக்கிளை எடுக்கிறேன். அக்கா ஹாண்டிலைப் பிடித்துக்கொள்கிறார்.

"எங்கை போறாய்? இன்னும் மூண்டு மீன் கிடக்கு. அங்கை வெள்ளைக் கரடி நிக்குமாமெல்லே, அதைச் சொல்லு."